தறிக்கூடத்து அதிர்வும் கைபேசி அதிர்வும்

கைபேசியின் அதிர்வு கைக்கு வலுவூட்டும் என்பாரும் உண்டு, விரலை மரக்கச் செய்யும் என்பாரும் உண்டு. இந்த வழக்கைத் தீர்க்க சங்கரன்கோவில் போன்ற தமிழ்நாட்டு நெசவூர்களின் வரலாறு நல்ல சாட்சி. குழித்தறி என்னும் கைத்தறியில் மோட்டார் கிடையாது. நெசவாளியின் கைகால்தான் விசை. பலகையை இழுத்து அடிக்கும் ஒவ்வொரு முறையும் பாவின் விறைப்பு விரலுக்கு எட்டும். இழை தளர்ந்தால் கண்ணுக்கு முந்திக் கை அறியும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவ்வூர்களில் விசைத்தறி பெருகியபோது அந்த அடியை மோட்டார் எடுத்துக்கொண்டது. கைக்கு மிஞ்சியவை ஊடைநூல் சுற்றிய தாரை மாற்றுவதும் அறுந்த இழையை முடிவதும்தான். தரை அதிர்ந்தது, காது பழுதானது. கையோ அதிர்விலிருந்து விலகிப்போனது.

நாள் முழுக்க அதிரும் கூடத்தில் நிற்பவர் கை மட்டும் தப்புமா என்று கேட்கலாம். அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் சுண்ணாம்புக்கல் கொத்துபவர்களை ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் ஆராய்ந்தார். காற்றழுத்தச் சுத்தியலின் உளியைப் பற்றியிருந்த இடக்கை விரல்கள்தான், குளிரில், வெளுத்து மரத்தன. அதாவது அதிரும் பிடியை இறுக்கிப் பிடித்த கைக்குத்தான் கேடு. விசைத்தறியில் அப்படிப் பிடிக்க ஏதுமில்லை. நெசவாளிக்கு விரல் மரத்தால் சர்க்கரையையும் மணிக்கட்டு நரம்பையும் முதலில் சந்தேகிப்பதே முறை. ஆனால் நம் வெயிலில் விரல் வெளுப்பது அரிது என்பதால், பாறைத் துளைப்பான் பிடிப்பவருக்கு வரும் மரப்பு கவனிப்பாரின்றிப் போக இடமுண்டு.

வலுவூட்டும் என்ற கட்சிக்கும் ஆதாரம் இல்லாமலில்லை. தசைநாணில் அதிர்வைக் கொடுத்தால் தசை தானே சுருங்கும் என்று ஸ்வீடனின் ஹாக்பார்த்தும் எக்லுண்டும் 1966இல் காட்டினார்கள். ஆனால் அது தசைநாண்மேல் குறிவைத்துக் கொடுத்த அதிர்வு; நிறுத்தினால் சுருக்கமும் தளரும். கைபேசிக்குள் இருப்பதோ சின்னஞ்சிறு மோட்டார். அதனால் பிடிவலு ஏறும் என்பதை நான் நம்பவில்லை. உணர்வின் சங்கதி வேறு. தோலுக்கடியிலுள்ள பசினி நுண்ணுறுப்புகள் நொடிக்கு 250 அளவிலான அதிர்வுக்கு மிகக் கூர்மையானவை; அவற்றை எழுப்ப இந்த மோட்டாரே தாராளம். மருத்துவர் சர்க்கரை நோயாளியின் கால் பெருவிரலில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்துப் பார்ப்பதும் இதே உணர்வைத்தான். அந்த வேலையைக் கைபேசியிடம் ஒப்படைப்பதில் ஒரே சிக்கல், மாடலுக்கு மாடல் அதன் அதிர்வு மாறுவது.