வாஷிங்டன் (குடும்பப்பெயர்)

இங்கிலாந்தில் முன்பு டர்ஹம் பகுதியைச் சேர்ந்திருந்த வாஷிங்டன் என்னும் ஊரிலிருந்து பிறந்த குடும்பப்பெயர். 12ஆம் நூற்றாண்டில் அவ்வூர் நிலத்தைப் பெற்ற வில்லியம் டி ஹெர்ட்பர்ன், பழைய பெயரை விடுத்து ஊர்ப்பெயரை ஏற்றார். வழித்தோன்றலான கம்பளி வணிகர் லாரன்ஸ் 1539இல் நார்தாம்ப்டன்ஷயரில் சல்கிரேவ் பண்ணையை வாங்கினார். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் குடும்பம் நொடித்தது. 1657இல் வர்ஜீனியா வந்து சேர்ந்த ஜான் வாஷிங்டனின் கொள்ளுப்பேரனே அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன்.

இப்பெயரின் பெருவரலாறு உண்மையில் அதன்பிறகே தொடங்குகிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் பலர் இதைத் தம் பெயராக்கினர். கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன், பள்ளியில் வருகைப்பதிவின்போது தாமே இதைத் தேர்ந்துகொண்டார். 2000ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பில் இப்பெயருடையோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். குருதிவழியை மட்டும் தேடும் குடும்ப வரலாறுகள் இந்தப் பெரும்பான்மையைத் தவறவிடுகின்றன.