ஓட்டு கேட்கிறாங்களா, வேட்டையாடுறாங்களா? தேர்தல் நேரத்து வார்த்தைகள் ஒரு ரவுண்டு!

தேர்தல் தேதி அறிவிச்சதும் டிவி, வாட்ஸ்அப், தெருமுனை மைக்னு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வார்த்தைகள் காதுல விழ ஆரம்பிச்சிடும். எல்லாத்துக்கும் அர்த்தம் ‘ஓட்டு கேட்பது’தான். ஆனா, ஒவ்வொரு வார்த்தையும் வாக்காளரை வெவ்வேற இடத்துல உட்கார வைக்குது.

பிரசாரத்தைச் சிலர் ‘பிரச்சாரம்’னும் எழுதுவாங்க. வடமொழியிலிருந்து வந்த சொல். தமிழ்ல பரப்புரை. ரெண்டுலயும் பேசுறது அவங்க, கேட்டுக்கிறது நாம. ‘வாக்கு சேகரிப்பு’ன்னா ஓட்டு ஏதோ பறிச்சுக் கூடையில போடுற காய் மாதிரி. ‘ஓட்டு வேட்டை’ன்னா கேட்கவே வேணாம், நாமதான் மான்! இதையெல்லாம் பார்க்கும்போது, ‘ஓட்டு கேட்டு வந்திருக்காங்க’ங்கிற சாதாரணப் பேச்சுதான் நேர்மையானது. அதுலதான் கொடுக்கிற இடத்துல நாம இருக்கோம்.

வேட்பாளர்ங்கிற சொல்லும் அதையேதான் சொல்லுது. வேட்பு என்றால் விருப்பம். பதவியை விரும்பி நிற்பவர் வேட்பாளர். பழைய நோட்டீஸ்கள்ல ‘அபேட்சகர்’னு இருக்கும். அதுக்கும் அர்த்தம் விரும்புகிறவர்தான். வாக்கு என்றால் சொல். அவர் தர்றது வாக்குறுதி, நாம தர்றது வாக்கு.

சோழர் காலக் குடவோலை முறையை உத்திரமேரூர் கல்வெட்டு விவரிக்குது. அங்க ஓட்டு கேட்கிற பேச்சுக்கே இடமில்லை. தகுதியுள்ளவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. அது குலுக்கல்!

இப்போ கொஞ்சம் சிக்கலான வார்த்தைகளுக்கு வருவோம். தபால் பட்டுவாடா, சம்பளப் பட்டுவாடான்னு ஆபீஸ்ல இருந்த சொல், தேர்தல் நேரத்துல ‘பணப் பட்டுவாடா’ ஆயிடுச்சு. ‘கவனிப்பு’ன்னா விருந்தாளியைக் கவனிக்கிறதுன்னு நினைச்சா நீங்க ரொம்ப அப்பாவி. 2009 ஜனவரியில நடந்த திருமங்கலம் இடைத்தேர்தல்ல ஓட்டுக்குப் பணம் கொடுத்ததா எழுந்த குற்றச்சாட்டுகளுக்கு அப்புறம் ‘திருமங்கலம் ஃபார்முலா’ன்னு ஒரு பெயரே நிலைச்சுடுச்சு. 2016-ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகள்லயும், 2017 ஏப்ரல்ல ஆர்.கே.நகர்லயும் பணப் பட்டுவாடா புகாரால தேர்தலையே ரத்து செஞ்சது தேர்தல் ஆணையம். டிசம்பர்ல ஆர்.கே.நகர்ல மறுபடி தேர்தல் நடந்தப்போ, பேச்சுல புகுந்த புது வார்த்தை ‘20 ரூபாய் டோக்கன்’.

ஃபார்முலா, டோக்கன், கவனிப்புன்னு என்ன பேர் வெச்சாலும் சட்டத்துல இதுக்கு ஒரே பேர்தான்: லஞ்சம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-வது பிரிவுப்படி கொடுக்கிறவர் மட்டுமல்ல, வாங்கிக்கிட்டு ஓட்டு போடுறவரும் குற்றவாளிதான். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது ரெண்டும் கிடைக்கலாம். ‘அவங்கதான் கொடுத்தாங்க, நான் சும்மா வாங்கினேன்’னு சொல்லித் தப்பிக்க முடியாது.

‘பிரசாரம் ஓய்ந்தது’ன்னு செய்தி வருமே, அது வாக்குப்பதிவு முடியுறதுக்கு 48 மணி நேரம் முன்னாடி. மைக் ஓயும். ஆனா, பட்டுவாடா புகார்கள் அதிகமா கேட்கிறதும் அதுக்கப்புறம்தான். கண்ணுல பட்டா, தேர்தல் ஆணையத்தோட ‘சி-விஜில்’ ஆப்ல அங்கேயே போட்டோவோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம். இடத்தை ஆப்பே பதிவு செஞ்சுக்கும். கேலரியில இருக்கிற பழைய படத்தை ஏத்த முடியாது. உங்க பேரைச் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.