பத்து நிமிஷம் முந்திய மணி: ‘போதுமான’ துல்லியத்தின் கதை

இன்னைக்கு எபிசோட் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பொருளைப் பற்றி. உங்க போன், வாட்ச், வைஃபை ரூட்டர், வாஷிங் மெஷின்னு எல்லாத்துக்குள்ளேயும் அது இருக்கலாம். பேரு கிரிஸ்டல். குவார்ட்ஸ் படிகத்தின் ஒரு சின்னத் துண்டு. மின்சாரம் கொடுத்தால் அதிரும். அந்த அதிர்வை எண்ணித்தான் கருவி நேரத்தைக் கணக்கு வைக்குது.

வரலாற்றுக்குப் போறதுக்கு முன்னாடி என் தப்பு ஒன்றைச் சொல்லிடறேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு. பள்ளிக்கூடங்களுக்குத் தானாக மணி அடிக்கிற கருவி செய்துகொண்டிருந்தோம், முந்நூறு பெட்டி. வழக்கமாக வாங்கும் கிரிஸ்டல் கிடைக்கவில்லை. பர்ச்சேஸில் இருந்தவர் இன்னொன்றைக் காட்டினார். அதே 32,768 ஹெர்ட்ஸ், அதே 20 பிபிஎம், விலையும் குறைவு. “ஓகேவா தம்பி?” என்றார். டேட்டாஷீட்டின் முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலையில் மாட்டினோம். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு தலைமை ஆசிரியர் போன் பண்ணினார். பரீட்சையை ஆசிரியர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆரம்பித்திருக்கிறார். முடித்ததோ எங்கள் மணியைக் கேட்டு. மணி பத்து நிமிஷம் முந்தி அடித்துவிட்டது. “பசங்க கடைசிக் கேள்வியை எழுதவே இல்லைப்பா,” என்றார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

என்ன தப்பு நடந்தது என்று கடைசியில் சொல்றேன். அதுக்கு முன்னாடி, ‘எவ்வளவு துல்லியம் போதும்?’ என்ற கேள்வி எங்கே தொடங்கியது என்று பார்ப்போம்.

1880-இல் பாரிஸில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டுபிடித்தார்கள். பியர்தான் பின்னாளில் மேரி கியூரியை மணந்தவர். நாற்பது வருஷம் கழித்து, 1921-இல், அமெரிக்காவில் வால்டர் கேடி குவார்ட்ஸை வைத்து ஆஸிலேட்டர் செய்தார். 1927-இல் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசனும் ஹார்ட்டனும் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். அது வரைக்கும் இது ஆய்வகச் சமாச்சாரம். ஒவ்வொரு கிரிஸ்டலையும் கையால் இழைத்து, சோதித்து, மறுபடி இழைப்பார்கள்.

கோடிக்கணக்கில் வேணும் என்ற நிலையைக் கொண்டுவந்தது இரண்டாம் உலகப்போர். ஓடுகிற டாங்கியில் குமிழைத் திருகி அலைவரிசை பிடிப்பது கஷ்டம். குலுக்கலில் நழுவிப் போகும். கிரிஸ்டல் இருந்தால் பொத்தானை அமுக்கினால் போதும். அமெரிக்க ராணுவம் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. பிரேசிலில் இருந்து குவார்ட்ஸ் வந்தது, தொழிற்சாலைகள் பெருகின.

அப்போதுதான் ஒரு சிக்கல். தொழிற்சாலையில் சோதனையில் தேறிய கிரிஸ்டல்கள் களத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அலைவெண் மாறின. சில அதிரவே மறுத்தன. வயர்லெஸ் வேலை செய்யாவிட்டால் போர்முனையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காரணம் தேடியபோது, குற்றவாளி கடைசியாகத் தேய்க்கும் வேலைதான் என்று தெரிந்தது. தூள் போட்டுத் தேய்த்ததில் படிகத்தின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாமல் நொறுங்கியிருந்தது. ஈரக்காற்றில் அந்த நொறுங்கல் மெல்ல மெல்ல உதிர்ந்தது. எடை குறைந்தால் அதிர்வு கூடும். தீர்வு எளிமையானது: கடைசிக் கட்டத்தில் தேய்க்காமல், அமிலத்தால் அரித்து, நொறுங்கிய அடுக்கையே நீக்கிவிடுவது.

இதில் எனக்குப் பிடித்த பாடம் ஒன்று இருக்கிறது. தயாரித்த அன்றைய துல்லியம் வேறு, ஒரு வருஷம் கழித்து இருக்கும் துல்லியம் வேறு. இன்றைக்கும் டேட்டாஷீட்டில் ‘ஏஜிங்’ என்று தனி வரி இருக்கும்.

அடுத்தது டிவி. 1953-இல் அமெரிக்கா கலர் டிவிக்கு ஒரு தரத்தை ஏற்றது. வண்ணத்தைப் பிரித்தெடுக்க ஒவ்வொரு டிவிக்குள்ளும் 3.579545 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிரிஸ்டல் வேண்டும். வீட்டு டிவியில் ஆய்வகத் தரத்துக்குக் கிரிஸ்டல் போட்டால் யார் வாங்குவார்கள்? அதனால் ஒரு உத்தி செய்தார்கள். நிலையம் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் சரியான அலையின் சிறு துணுக்கை அனுப்பும். டிவி தன் கிரிஸ்டலை அதோடு இழுத்துப் பொருத்திக்கொள்ளும். துல்லியத்தின் செலவு நிலையத்துக்கு. வீட்டில் இருக்கும் கிரிஸ்டல் பக்கத்தில் இருந்தால் போதும்.

லட்சக்கணக்கில் தயாரானதால் அது மலிவானது. மலிவானதால், டிவியோடு சம்பந்தமே இல்லாத பொருள்களுக்குள்ளும் போனது. பொத்தான் போனில் டோன் எழுப்பும் சிப்புகள் அதையே எடுத்துக்கொண்டன. 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது அதற்குள் இருந்தது அதன் நான்கு மடங்கு, 14.31818 மெகாஹெர்ட்ஸ். அதை மூன்றால் வகுத்தால் 4.77. பிராசஸர் 5 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது. ஆனாலும் ஒரே கிரிஸ்டலில் பிராசஸர், டைமர், டிவி வண்ணம் மூன்றையும் முடிக்கலாம் என்பதால் அந்தக் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தார்கள். வண்ணம் சரியாக வர, போர்டில் திருகித் திருத்த ஒரு சின்ன டிரிம்மரும் வைத்தார்கள்.

கைக்கடிகாரத்தில் இந்த வசதி இல்லை. திருத்தம் சொல்ல எந்த நிலையமும் கிடையாது. 1969 கிறிஸ்துமஸ் அன்று டோக்கியோவில் சீகோ ‘ஆஸ்ட்ரான்’ விற்பனைக்கு வந்தது. விலை 4,50,000 யென். உள்ளே 8,192 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல். மாதத்துக்கு 5 வினாடிக்குள் பிழை, அதாவது ஏறக்குறைய 2 பிபிஎம். பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

அதே காலத்தில் யூர்கன் ஸ்டாட்டே என்ற பொறியாளர், சிப் செய்வது போலவே ஒளியால் அச்செடுத்து, ஒரே தகட்டில் நிறைய குட்டி இசைக்கவைகளை வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். கையால் இழைக்கும் காலம் முடிந்தது. 32,768 ஹெர்ட்ஸ் வழக்கமானது. ஏன் அந்த எண்? பதினைந்து தடவை இரண்டால் வகுத்தால் சரியாக ஒன்று வரும். வினாடிக்கு ஒரு துடிப்பு.

இப்போ உங்களுக்கான கணக்கு. 20 பிபிஎம் என்றால் நாளைக்கு 1.7 வினாடி, வருஷத்துக்குப் பத்தரை நிமிஷம். வெயில் தனி. இந்த வகைக் கிரிஸ்டல் 25 டிகிரியில் சரியாக இருக்கும். சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். 40 டிகிரியில் இன்னும் ஏழெட்டு பிபிஎம். கத்திரி வெயிலில் பள்ளிக்கூடம் லீவு என்பதால் அந்த விஷயத்தில் நான் தப்பித்தேன்.

என்னைச் சிக்கவைத்தது மூன்றாவது வரி: லோட் கெபாசிட்டன்ஸ். 20 பிபிஎம் என்ற வாக்குறுதி, சுற்றில் இருக்கும் கெபாசிட்டன்ஸ் குறிப்பிட்ட அளவில் இருந்தால்தான் செல்லும். எங்கள் போர்டு 6 பிகோஃபாரடுக்கு வடிவமைத்தது. நான் ஓகே சொன்ன கிரிஸ்டல் 12.5-க்குச் செய்தது. சுமை குறைந்தால் கிரிஸ்டல் வேகமாக ஓடும். ஏறக்குறைய 100 பிபிஎம், மாதத்துக்கு நாலு நிமிஷத்துக்கு மேல். இரண்டரை மாதத்தில் பத்து நிமிஷம்.

கிரிஸ்டலில் குறையே இல்லை. அதற்கு ஏற்ற இடத்தில் நான் அதை வைக்கவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு கெபாசிட்டரை மாற்றினோம். போர்டுக்குச் சில ரூபாய்தான். முந்நூறு பள்ளிக்கும் போய்வந்த செலவு அதைவிடப் பல மடங்கு.

யூஎஸ்பியின் முழுவேகத்துக்கு 2,500 பிபிஎம் பிழை இருந்தாலும் ஓடும். வைஃபைக்கு 20, 25 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். அதனால் ‘எது ரொம்பத் துல்லியம்?’ என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி. இது தப்பினால் திருத்திச் சொல்ல யாராவது இருக்கிறார்களா? தப்பினால் நேரத்தை இழக்கப்போவது யார்?

அந்தப் பசங்க எழுதாத கடைசிக் கேள்வி எத்தனை மார்க் என்று நான் இதுவரை கேட்டதில்லை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.