கடன் வாங்கிய டை: ரைபிள் உறைகளின் கழுத்துச் சீரமைப்பும் அதன் வடிவியலும்

சுட்டு முடித்த பித்தளை உறையை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துவது அமெரிக்க வேட்டைக்காரர்களிடமும் இலக்குச் சுடுநர்களிடமும் நெடுநாள் வழக்கம். சுடும்போது உறை, துப்பாக்கி அறையின் அளவுக்கு விரிகிறது. அதே போல்ட் ரைபிளில் மறுபடி சுடுவதானால், புதுக் குண்டைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குக் கழுத்தை மட்டும் இறுக்கினால் சில சுற்றுகளுக்குப் போதும். இதைச் செய்யும் எஃகு அச்சுதான் டை. குண்டின் விட்டம் ஒன்றாயிருந்தால் ஒரு தோட்டாவின் டையில் இன்னொன்றின் கழுத்தையும் இறுக்கிவிடலாம் என்ற நம்பிக்கை சுடுநர்களிடையே பரவலாக உண்டு. அதில் பாதிதான் உண்மை. குண்டின் விட்டம் நுழைவுச்சீட்டு மட்டுமே. உடலைக் கழுத்தோடு இணைக்கும் சரிவான தோள் எந்த உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலம் என்பவையே மற்றதைத் தீர்மானிக்கின்றன. இப்படிக் கடன் வாங்குவதன் பயன் சிக்கனத்தில் இல்லை என்பதும் என் வாதம்.

.30-06 ஸ்பிரிங்ஃபீல்டை 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றது. .308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது. இரண்டிலும் .308 அங்குலக் குண்டு. அடிவிட்டமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் ஒன்றே இரண்டுக்கும் பொருந்தும். நீளத்தில்தான் வேறுபாடு: .308 உறை 51.18 மி.மீ., .30-06 உறை 63.35 மி.மீ. தோள் தொடங்கும் இடத்தில் .308-இன் விட்டம் 11.53 மி.மீ.; .30-06-இன் விட்டம் 11.20 மி.மீ.தான். ஆகவே .308-இன் முழுநீள டையை, அதாவது கழுத்தோடு உடலையும் இறுக்கும் டையை, மறுநிரப்பும் பிரஸ்ஸில் சுமார் 10 மி.மீ. உயர்த்திப் பொருத்தி .30-06 உறையை உள்ளே விட்டால், உறையின் கழுத்து, டையின் கழுத்துக்குள் போய்ச் சேரும். உடல் எங்கும் உரசாது. வரைபட அளவுகளின்படி தோளருகே 0.33 மி.மீ., டையின் வாயருகே 0.18 மி.மீ. விட்ட இடைவெளி மிஞ்சுகிறது. உண்மையான டை வரைபடத்தைவிடச் சற்று இறுக்கம், சுட்ட உறை சற்றுப் பெரிது. இடைவெளி சுருங்கும், ஆனாலும் பொதுவாக அற்றுப்போகாது. பழைய பிரைமரைத் தட்டி வெளியேற்றும் ஊசி மட்டும் எட்டாமல் போகலாம். ஊசியைத் தாங்கும் தண்டை இறக்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் பிரைமரை முன்கூட்டியே தனியாக எடுத்துவிடலாம்.

திருப்பிப் போட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். .30-06 டையின் கழுத்து, உறையடியிலிருந்து 53.5 மி.மீ. தொலைவில்தான் தொடங்குகிறது. .308 உறையோ 51 மி.மீ.க்குச் சற்றே மேல். ஷெல் ஹோல்டர் டையை முட்டி நின்ற பிறகும் உறையின் வாய் அந்தக் கழுத்தை எட்டாது. அதோடு .308-இன் அகன்ற தோள், டையின் ஒடுங்கிய உடலில் ஏறத்தாழ 0.17 மி.மீ. நசுங்கும். இறுக்க வேண்டிய கழுத்து அப்படியே இருக்க, தொடக்கூடாத உடல் நசுங்கிப்போகிறது. குட்டையான, தோள் அகன்ற உறையின் டை நீண்ட, தோள் ஒடுங்கிய உறைக்கு உதவும், எதிர்த்திசையில் உதவாது. .243 வின்செஸ்டர் டையில் 6 மி.மீ. ரெமிங்டன் அடங்குவதும் இதே காரணத்தால்தான்.

நீளம் மட்டும் சாதகமாயிருந்தால் போதாது. .222 ரெமிங்டனைவிட .223 நீளம், தோளும் ஒரு மயிரிழை ஒடுக்கம். ஆனால் அந்த வேறுபாடு 0.08 மி.மீ.க்குள் அடங்கிவிடுகிறது, சுட்டு விரிந்த உறையில் அதுவும் கரைந்துவிடும். கழுத்தை மட்டும் இறுக்குவதாக நினைத்துக்கொண்டு உடலையும் தேய்ப்போம். .300 வின்செஸ்டர் மேக்னத்தின் தோள் .308-இன் அடிவிட்டத்தைவிடவே பெரிது. அது டைக்குள் நுழையவே நுழையாது. .30-30 நேர்மாறு: தளர்வாக நுழையும், ஆனால் அதன் கழுத்துச் சுவர் மெல்லியது. தர அளவில் கழுத்தின் வெளிவிட்டம் 8.38 மி.மீ.; .308-க்கோ 8.72. பருத்த கழுத்துக்கென வெட்டிய டை, மெலிந்த கழுத்தைக் குண்டு பிடிக்குமளவு இறுக்கும் என்று நம்ப முடியாது. தவிர .30-30 பெரும்பாலும் லீவர் ரைபிள்களில் சுடப்படுகிறது. அவற்றுக்கு முழுநீளச் சீரமைப்பே வேண்டும்.

இதில் சிக்கனம் இல்லை: .30-06 வைத்திருப்பவர் அதன் முழுநீள டையை எப்படியும் வாங்கியாக வேண்டும். கழுத்தை மட்டும் இறுக்கிய உறை சில சுற்றுகளில் அறைக்குள் பிடிக்கத் தொடங்கும், போல்ட் மூட அடம்பிடிக்கும். அப்போது தோளைப் பின்தள்ள சொந்த டை ஒன்றுதான் வழி. அப்படியானால் அந்த டையையே கொஞ்சம் உயர்த்தி வைத்துக் கழுத்தை இறுக்கினாலென்ன என்று கேட்கலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் உறையும் டையும் அடியை நோக்கிச் சிறிதளவே அகன்றுபோவதால், சற்றே உயர்த்திய சொந்த டை உடலையும் பிடித்து நெருக்குகிறது. தாங்குவார் இல்லாத தோள் முன்னோக்கி நகர்கிறது. போல்ட்டை மூடும் சிரமம் இதனால் கூடுவதும் உண்டு. பத்து மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும் .308 டையிடம் இந்தக் கோளாறு இல்லை. கடன் டையை நான் ஆதரிப்பது இந்த ஒரு காரணத்துக்காகவே. இதற்கென்றே செய்த கழுத்து டையோ, மாற்றத்தக்க புஷிங் வளையம் கொண்ட டையோ கையில் இருந்தால் இந்தச் சுற்றுவழி தேவையில்லை.

கடன் கொடுத்த டைக்கும் ஒரு செலவு உண்டு. உயர்த்தும்போது, டையின் உயரத்தை நிலைநிறுத்தும் பூட்டு வளையம் இடம்மாறும். மறுபடி .308-க்கு இறக்கும்போது பழைய இடம் கண்மதிப்பில் கிடைக்காது. தோள் எவ்வளவு பின்னே போகிறது என்பதை அளவியில் பார்த்த பிறகே வளையத்தை இறுக்க வேண்டும்.