முடிச்சு

திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையில் எந்த மகானின் காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளரைக் குடியேற்றிய காலெட்பேட்டை, நம் வாயில் அப்படித் திரிந்தது. மதராஸைச் சுற்றியிருந்த இத்தகைய ஊர்களின் கட்டம்போட்ட துணி கரீபியன் தீவுகள்வரை போய், 'மத்ராஸ்' என்ற பெயரோடேயே தலைக்கட்டாயிற்று. மார்த்தினிக்கில் அதற்கு ஓர் இலக்கணமே உண்டு: ஒரு முனை நிமிர்ந்திருந்தால் மனம் இன்னும் யாருக்கும் தரப்படவில்லை, இரண்டானால் நிச்சயமாகிவிட்டது, மூன்றென்றால் மணமானவள்.

1786இல் நியூ ஆர்லியன்ஸின் ஸ்பானிய கவர்னர் மிரோ, அடிமைகளல்லாத கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால் மூடவேண்டும் என்று ஆணையிட்டார். தாழ்த்துவதற்கென்றே வந்த ஆணை. அவர்கள் பகட்டான துணியெடுத்து உயரக் கட்டி, அதையே அலங்காரமாக்கிக்கொண்டார்கள்.

கட்டும் விதம் பேசுவது அங்கு மட்டுமல்ல. ஜப்பானியக் கிமோனோவின் இடுப்புப் பட்டையான ஓபியிலும் மணமாகாதவளின் முடிச்சு வேறு. ஆனால் அங்கே நெய்தவனும் கட்டியவளும் ஒரே மொழிக்காரர்கள். நம் நெசவாளிக்குத் தன் துணி அக்கரையில் என்ன பேசியது என்று தெரிய வழியில்லை.

கம்பெனிக் கணக்கில் பேல் உண்டு, விலை உண்டு, முடிச்சு இல்லை. பகலெல்லாம் பேரேடு எழுதுகிற எனக்கு அது ஆச்சரியமில்லை. நம் வரலாறும் ஏற்றுமதியோடு நின்றுவிடுவதுதான் உறுத்துகிறது. கப்பலேறியதோடு துணியின் கதை பாதிதான். மீதியை எழுதியவர்கள், தலையெழுத்தைத் தாங்களே கட்டிக்கொண்ட அந்தப் பெண்கள்.