பினாங்கு நியோன்யாக்களின் மணித்தையல்

கடாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பெற்ற பழங்கால மணிகளைக் காணும்போது, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டின் கண்ணாடி மணிகள் நினைவுக்கு வரும். வங்கக் கடலைக் கடந்து வந்த வணிகப் பண்டங்களுள் மணியும் ஒன்றாகும். மலாய் மொழியில் அதற்கு வழங்கும் 'மானிக்' என்னும் பெயர் தமிழ்ச் செவிக்கு அயலாக ஒலிப்பதில்லை. ஆயினும், கடாரத்தின் எதிரே கிடக்கும் பினாங்குத் தீவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு நியோன்யாப் பெண்டிர் தம் ஊசியிற் கோத்தவை ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த மணிகள், கடுகினும் சிறியவை.

1786இல் பிரான்சிஸ் லைட் ஜார்ஜ்டவுனைத் தோற்றுவித்த பின், அங்கு வேரூன்றிய சீன வணிகக் குடும்பங்களில் மலாய் வழக்கமும் சீன வழக்கமும் கலந்த ஒரு வாழ்வு செழித்தது. அவ்வாழ்வுக்கு உரியோரைப் பெரானாக்கான் என்றனர். இம்மண்ணிற் பிறந்தோர் என்பது பொருள். தமிழ் முஸ்லிம்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த வழியினரையும் 'ஜாவி பெரானாக்கான்' என அதே சொல்லால் வழங்கினர் என்பது தமிழர் அறிய வேண்டிய செய்தி.

'பிடாங்கான்' எனப்படும் மரச்சட்டத்தில் துணியை இறுக்கிக் கட்டுவர். கட்டமிட்ட கோலத்தைப் பார்த்துக் கட்டத்திற்கு ஒரு மணியாகத் தைத்துக்கொண்டே செல்வர். பியோனி மலரும் பீனிக்ஸ் பறவையும் சீன மரபின. ரோசா மலரோ ஐரோப்பியத் தையல் ஏடுகளிலிருந்து வந்தது. உருவங்களைத் தைத்து முடித்த பின்னும் வேலை தீர்வதில்லை. துணி சிறிதும் தெரியாதவாறு பின்புலம் முழுவதையும் மணியால் நிரப்ப வேண்டும். சாய்சதுரங்கள் தொடர்ந்து பரவும் கோலமாயின் இடர் இன்னும் மிகுதி. ஓரிடத்தில் எண்ணிக்கை பிசகினால் அடுத்த வரிசைகள் யாவும் விலகிப் போகும். பிரித்துத் தைப்பதன்றி வேறு வழியில்லை.

பினாங்கில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான மேசை விரிப்பு ஒன்று சிங்கப்பூரின் பெரானாக்கான் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மணிகள் உள்ளன. காண்போர் அதன் அழகை வியப்பர். அத்துணைப் பொழுது பெண்டிருக்கு எங்ஙனம் வாய்த்தது என்று வினவுவோர் சிலரே.

விடை இனியதன்று. பருவமெய்திய பெண் மணநாள் வரை வீட்டுக்குள்ளேயே இருத்தல் வேண்டும் என்பது அக்குடும்பங்களின் கட்டுப்பாடு. மணமகனுக்குரிய காலணி முகப்பும், மணவறைத் தலையணையின் முனைகளும், கட்டில் தொங்கல்களும் அவள் கைத்திறனுக்குச் சான்றாயின. வரப்போகும் மாமியார் அவற்றைக் கொண்டே மருமகளின் பொறுமையை அளந்தார். கலைதான், ஆனால் கதவு சாத்திய கலை.

அக்கதவு ஒரே நாளில் திறக்கவில்லை. லைட் தெருக் கான்வென்ட் 1852இலும், புனித ஜார்ஜ் பெண்கள் பள்ளி 1885இலும் தோன்றின. நாளடைவில் நியோன்யாச் சிறுமியரும் புத்தகம் ஏந்தினர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றியதும் வாழ்வே குலைந்தது. போருக்குப் பின் பன்னிரண்டு நாள் திருமணம் சுருங்கிற்று. சட்டங்கள் மூலைக்குச் சென்றன. இதனைக் கலையின் வீழ்ச்சி என்று மட்டும் எழுதுவது முறையன்று. பெண்கள் வெளியே வந்ததன் விலையும் அதுவே.

2008இல் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. 2024இல் கெபாயா உடையும் மானுடத்தின் பண்பாட்டு மரபாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. கெபாயாவோடு அணியும் 'காசுட் மானெக்' என்னும் மணிக்காலணியையும் மக்கள் மீண்டும் நாடுகின்றனர். எந்திரத்தில் செய்த போலிகள் மலிவாகக் கிடைக்கின்றன. எனினும் கையால் தைக்கக் கற்போர் இருக்கின்றனர். மணிகள் இன்று பெரும்பாலும் ஜப்பானிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் வருகின்றன. பாட்டியின் சட்டத்தின் முன் அமரும் பெண்ணை இப்போது எவரும் அடைத்து வைக்கவில்லை. வேலை முடிந்து வந்த மாலையில் தானே விரும்பி அமர்கிறாள். வேண்டாமெனில் எழுந்து போகலாம். மணிகளை எண்ணும் பாடு மட்டும் மாறவில்லை. ஒரு காலணியின் முகப்பை முடித்ததும், மற்றொன்றிற்காக அதே கோலத்தை முதற்கட்டத்திலிருந்து மீண்டும் எண்ணத் தொடங்க வேண்டும்.