ரெய்டு வட்டு அணியின் வரலாறு

ரெய்டு என்பது பல வன்தட்டுகளை ஒன்றிணைத்து, கணினிக்கு ஒரே வட்டுபோலக் காட்டும் சேமிப்பு முறையாகும். அணியில் உள்ள ஒரு வட்டு பழுதானாலும் தரவு அழியாதவாறு இதன் பெரும்பாலான வகைகள் அமைக்கப்பட்டுள்ளன. சர்வர் எனப்படும் வழங்கிக் கணினிகளில் இம்முறை பரவலாகப் பயன்படுகிறது. "ரிடன்டன்ட் அரே ஆஃப் இன்எக்ஸ்பென்சிவ் டிஸ்க்ஸ்" என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே ரெய்டு என்ற பெயராயின. 'மிகைத் தரவு கொண்ட மலிவு வட்டுகளின் அணி' என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். வணிக நிறுவனங்கள் விற்ற அணிகள் மலிவாக இல்லாததால், பின்னாளில் 'மலிவு' என்ற சொல்லுக்குப் பதில் 'தனித்தியங்கும்' என்று பொருள்படும் 'இன்டிபென்டன்ட்' என்ற சொல் வழக்கில் வந்தது.

முன்வரலாறு

வன்தட்டு 1956ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தால் அறிமுகப்படுத்தப்பட்டது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ரெனால்ட் ஜான்சன் தலைமையில் இயங்கிய குழு இதை உருவாக்கியது. ரமாக் 305 கணினியுடன் இணைந்த இந்தச் சேமிப்பு அலகில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவற்றில் 50 லட்சம் எழுத்துகளைப் பதிய முடிந்தது. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே ஏறத்தாழ அவ்வளவு இடம் தேவைப்படுகிறது.

பெருங்கணினிகளின் வட்டுகள் உருவில் பெரியவையாகவும் விலையில் மிக உயர்ந்தவையாகவும் இருந்தன. 1980ஆம் ஆண்டு சீகேட் நிறுவனத்தின் 5.25 அங்குல வட்டு வெளிவந்தது. அதன் கொள்ளளவு 5 மெகாபைட்டு. தனியாள் கணினிகள் பெருகியதால் இத்தகைய சிறு வட்டுகள் பெருமளவில் உற்பத்தியாகி விலை குறைந்தன.

ஒரே தரவை இரண்டு வட்டுகளில் எழுதும் வழக்கம் ரெய்டு என்ற பெயர் தோன்றும் முன்பே இருந்தது. நிற்காமல் இயங்க வேண்டிய பணிகளுக்காக டாண்டம் நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் உருவாக்கிய கணினிகளில் இரட்டை வட்டுகள் இடம்பெற்றன. பழுதான சேமிப்பு அலகின் தரவை மற்ற அலகுகளின் உதவியால் மீட்கும் முறைக்கு ஐபிஎம் நிறுவனத்தின் நார்மன் கென் ஓவுச்சி 1978ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆயினும் இம்முறைகளை ஒப்பிட்டு வகைப்படுத்தும் பொதுவான சட்டகம் அதுவரை உருவாகவில்லை.

பெர்க்லி ஆய்வறிக்கை

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1987 டிசம்பரில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டனர். அது 1988 ஜூன் மாதம் சிகாகோவில் நடந்த சிக்மாட் மாநாட்டில் கட்டுரையாக அளிக்கப்பட்டது. செயலிகளின் வேகம் விரைவாக வளர, வட்டுகளின் வேகம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கலாகும். விலை உயர்ந்த ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாகப் பல சிறு வட்டுகளை ஒரே நேரத்தில் இயக்கினால் வேகம் கூடும் என்று அவர்கள் வாதிட்டனர். 7,500 மெகாபைட்டு கொண்ட ஐபிஎம் 3380 வட்டும், 100 மெகாபைட்டு கொண்ட கான்னர் சிபி3100 வட்டும் அக்கட்டுரையில் ஒப்பிடப்பட்டன.

இத்திட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. சிறு வட்டு ஒன்று பழுதடையும் வரையிலான சராசரிக் காலம் 30,000 மணி நேரம் எனக் கணக்கிடப்பட்டது. இது மூன்று ஆண்டுகளுக்கும் மேல். ஆனால் அத்தகைய 100 வட்டுகளை ஒன்றாகச் சேர்த்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று 300 மணி நேரத்தில், அதாவது இரண்டு வாரத்துக்குள், பழுதாகிவிடும். வட்டுகள் கூடக் கூட ஆபத்தும் கூடியது. இதற்கு விடையாகவே தரவுடன் சேர்த்து மிகைத் தரவையும் எழுதிவைக்கும் ஐந்து நிலைகளை அவர்கள் முன்வைத்தனர்.

ஐந்து நிலைகள்

முதல் நிலையில் ஒவ்வொரு வட்டுக்கும் ஓர் இரட்டை உண்டு. ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் எழுதப்படும். பாதுகாப்பு மிகுதி; ஆனால் வாங்கிய இடத்தில் பாதியே பயன்படும். இரண்டாம் நிலை ஹேமிங் எனப்படும் பிழைதிருத்தக் குறியீட்டைப் பயன்படுத்தியது. மூன்றாம் நிலையில் பல தரவு வட்டுகளுக்கு ஒரே ஒரு சரிபார்ப்பு வட்டு போதுமென்றாயிற்று. நான்காம் நிலையில் தரவு பெரிய துண்டுகளாகப் பிரிக்கப்பட்டதால், வெவ்வேறு வட்டுகள் வெவ்வேறு வேண்டுகோள்களை ஒரே நேரத்தில் நிறைவேற்ற முடிந்தது. ஆயினும் ஒவ்வொரு முறை எழுதும்போதும் அந்த ஒரே சரிபார்ப்பு வட்டை நாட வேண்டியிருந்ததால் அங்கே நெரிசல் ஏற்பட்டது. ஐந்தாம் நிலை, சரிபார்ப்புத் தரவை எல்லா வட்டுகளிலும் சுழற்சி முறையில் பரப்பி அந்நெரிசலைத் தீர்த்தது.

பாதுகாப்பு ஏதுமின்றி வேகத்துக்காக மட்டும் தரவைப் பிரித்தெழுதும் முறைக்குப் பின்னர் 'ரெய்டு 0' என்று பெயரிடப்பட்டது. இதில் ஒரு வட்டு போனாலும் அணி முழுவதும் போய்விடும்.

பாரிட்டி செயல்படும் விதம்

சரிபார்ப்புத் தரவு பாரிட்டி எனப்படும். இதன் அடிப்படை ஒற்றைப்படை, இரட்டைப்படை அறிந்த எவருக்கும் புரியக்கூடியது. மூன்று வட்டுகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 என்ற இலக்கங்கள் உள்ளன என்று கொள்வோம். நான்கு வட்டுகளிலும் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி. இங்கு ஏற்கெனவே இரண்டு ஒன்றுகள் இருப்பதால் நான்காம் வட்டில் 0 எழுதப்படும். பின்னர் மூன்றாம் வட்டு பழுதாகிறது. எஞ்சியவை 1, 0, 0. எண்ணிக்கை இரட்டைப்படையாக வேண்டுமெனில் தொலைந்த இலக்கம் 1 ஆகத்தான் இருக்க முடியும். பல கோடி இலக்கங்களுக்கு இக்கணக்கைச் செய்து, தொலைந்த வட்டின் உள்ளடக்கம் புதிய வட்டில் எழுதப்படுகிறது. இச்செயல் மீளமைப்பு எனப்படும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஐந்தாம் நிலையில் ஒரு சிறு துண்டை மாற்றப் பழைய தரவைப் படித்தல், பழைய பாரிட்டியைப் படித்தல், புதிய தரவை எழுதுதல், புதிய பாரிட்டியை எழுதுதல் என நான்கு வேலைகள் தேவைப்படும்.

ஒரு மணி நேர அனுமானம்

பத்துத் தரவு வட்டுகளுக்கு ஒரு சரிபார்ப்பு வட்டு என்ற கணக்கில் 110 வட்டுகள் கொண்ட அணி, தரவை இழக்கும் வரையிலான சராசரிக் காலம் சுமார் 8,20,000 மணி நேரம் என்று பெர்க்லிக் கட்டுரை காட்டியது. இது 90 ஆண்டுகளுக்கும் மேல். பழுதான வட்டு ஒரு மணி நேரத்தில் மாற்றப்பட்டு மீளமைக்கப்படும் என்ற அனுமானத்தின்மீது எழுந்த கணக்கு இது. அதே சூத்திரத்தில் ஒரு மணிக்குப் பதில் ஒரு வாரத்தை, அதாவது 168 மணியை இட்டால் விடை 4,870 மணி நேரமாகச் சுருங்குகிறது. 90 ஆண்டு என்பது ஏறத்தாழ 200 நாளாகிவிடுகிறது.

ரெய்டு அணியைப் பராமரிப்போர் அறிய வேண்டிய முதன்மையான செய்தி இதுவே. வட்டு பழுதான பின்னும் அணி இயங்கிக்கொண்டே இருப்பதால் பயனருக்கு எதுவும் தெரிவதில்லை. எச்சரிக்கை விளக்கைப் பார்க்க ஆளில்லாத அறையில் வைத்த அணி, இரண்டாம் வட்டும் பழுதாகும் நாளில்தான் தன் நிலையை வெளிப்படுத்தும். இதனால் பழுது நேர்ந்தவுடன் தானே பணியேற்கும் மாற்று வட்டை முன்கூட்டியே பொருத்திவைப்பதும், பழுதுச் செய்தி மின்னஞ்சலில் வருமாறு அமைப்பதும் வழக்கமாயின.

கட்டுப்படுத்தி அட்டைகள்

பெர்க்லிக் குழு 1989ஆம் ஆண்டு ரெய்டு-1 என்ற முன்மாதிரியை அமைத்தது. சன் 4/280 கணினியும் 28 ஸ்கஸி வட்டுகளும் அதில் இருந்தன. 1990களில் பல நிறுவனங்கள் ரெய்டு கணக்குகளைத் தாமே செய்யும் கட்டுப்படுத்தி அட்டைகளை விற்கத் தொடங்கின. அவற்றுள் மெகாரெய்டு குறிப்பிடத்தக்கது. இதை உருவாக்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனம் 1985ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது; சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. அதன் ரெய்டு பிரிவை 2001ஆம் ஆண்டு எல்எஸ்ஐ லாஜிக் வாங்கியது. எல்எஸ்ஐ 2014இல் அவாகோ நிறுவனத்திடம் சென்றது. பின்னர் அதுவே பிராட்காம் என்ற பெயரை ஏற்றது.

எழுதவேண்டிய தரவை முதலில் தன் கேச் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, எழுதி முடித்ததாகக் கணினிக்குச் சொல்லிவிடுவது இவ்வட்டைகளின் வேகத்துக்கு ஒரு காரணம். அந்த நொடியில் மின்சாரம் போனால் நினைவகத்தில் இருந்தது அழிந்துவிடும். அதைக் காக்கவே அட்டையில் மின்கலம் இணைக்கப்பட்டது. மின்கலம் தேய்ந்தால் பல அட்டைகள் இவ்வசதியைத் தாமே நிறுத்திவிடும். வட்டுகள் நன்றாக இருந்தும் வழங்கி திடீரென மந்தமாவதற்கு இது அடிக்கடி காணும் காரணமாகும்.

எந்த வட்டு எந்த வரிசையில் உள்ளது என்ற குறிப்பையும் கட்டுப்படுத்தி வட்டுகளிலேயே எழுதிவைக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் இதைத் தன் பாணியில் எழுதியதால், அட்டை பழுதானபோது அதே வகை அட்டையைத் தேட வேண்டியிருந்தது. வேறோர் அட்டையிலிருந்து வந்த வட்டுகளைப் பொருத்தினால் 'ஃபாரின்' என்ற அறிவிப்பு திரையில் தோன்றும். அப்போது பழைய அமைப்பை ஏற்பதா, அழிப்பதா என்று அட்டை கேட்கும். செய்தியைப் படிக்காமல் அழிப்பதைத் தேர்ந்தால், பழுதில்லாத வட்டுகளின் அமைப்புக் குறிப்பு நீங்கிவிடும்.

மென்பொருள் வழி

கணினியின் செயலிகள் வேகம் பெற்றபின் தனி அட்டை இல்லாமலே ரெய்டு அமைப்பது எளிதாயிற்று. லினக்ஸில் நீல் பிரவுன் உருவாக்கிய எம்டிஅட்மின் கருவி இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. இவ்வகை அணியை வேறொரு லினக்ஸ் கணினிக்கு மாற்றுவது எளிது. சன் நிறுவனம் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட இசட்எஃப்எஸ், கோப்பு முறைமையையும் வட்டு அணியையும் ஒன்றாக்கியது. ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், வட்டு பிழையான தரவைச் சத்தமின்றித் தரும்போதும் அது கண்டுபிடித்துவிடும்.

மனிதத் தவறு

வட்டுகளின் பழுதைக் கணக்கிட்ட பேட்டர்சன், பின்னர் மனிதரின் தவறையும் ஆராய்ந்தார். ஆரன் பிரவுனுடன் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், லினக்ஸ், சோலாரிஸ், விண்டோஸ் ஆகியவற்றின் மென்பொருள் ரெய்டுகளில் பழுதான வட்டை மாற்றும் வேலை பயிற்சி பெற்ற சிலரிடம் கொடுக்கப்பட்டது. வழிமுறை கையில் இருந்தும் அவர்கள் தவறு செய்தனர். சில முறை தரவே அழிந்தது.

இத்தவறுகளில் கொடியது, பழுதான வட்டுக்குப் பதிலாக நல்ல வட்டை உருவிவிடுவதாகும். ஐந்தாம் நிலையில் ஒரு வட்டு ஏற்கெனவே இல்லாதபோது இன்னொன்றை எடுத்தால் அணி அந்த நொடியே நின்றுவிடும். ஒவ்வொரு வட்டின் தொடர் எண்ணையும் அது இருக்கும் இடத்தையும் தாளில் எழுதிப் பெட்டியின்மீது ஒட்டிவைப்பது இன்றும் நல்ல பழக்கமாகக் கருதப்படுகிறது.

பெரிய வட்டுகளும் ரெய்டு 6 நிலையும்

100 மெகாபைட்டு வட்டு ஒன்றை வினாடிக்கு 1 மெகாபைட்டு வேகத்தில் நிரப்ப 100 வினாடி போதும். 4 டெராபைட்டு வட்டை வினாடிக்கு 150 மெகாபைட்டு வேகத்தில் நிரப்பினாலும் ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். கொள்ளளவு வளர்ந்த அளவுக்கு வேகம் வளராததால் ஆபத்தான இடைவேளை நீண்டது. கார்த் கிப்சனும் பியங்கா ஷ்ரோடரும் 2007ஆம் ஆண்டு சுமார் 1,00,000 வட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு வட்டுகள் மாற்றப்படுவது சாதாரணம் என்று அவர்கள் கண்டனர். இது உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவைவிடப் பல மடங்கு அதிகம்.

இதனால் இரண்டு வட்டுகள் பழுதானாலும் தாங்கும் ஆறாம் நிலை பரவியது. வட்டுகள் முழுவதையும் குறித்த காலத்தில் படித்துப் பார்த்து, மறைந்திருக்கும் பிழைகளை முன்பே திருத்தும் வழக்கமும் வேரூன்றியது.

காப்புநகல் வேறு

ரெய்டு, வட்டின் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். தவறுதலாக ஒரு கோப்பை நீக்கினால் அந்நீக்கம் எல்லா வட்டுகளிலும் உடனே பதியும். ஜர்னல்ஸ்பேஸ் என்ற வலைப்பதிவுத் தளம் 2008ஆம் ஆண்டின் இறுதியில் இதற்குச் சான்றாயிற்று. அதன் தரவுத்தளம் இரட்டை வட்டுகளில் இருந்தது. தரவு மேலெழுதி அழிக்கப்பட்டபோது இரண்டு வட்டுகளிலும் ஒன்றுபோலவே அழிந்தது. தனியான காப்புநகல் இல்லாததால் பயனர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிய பதிவுகள் தொலைந்தன, தளமும் மூடப்பட்டது. வேறிடத்தில் வைத்த காப்புநகலும், அதை அவ்வப்போது மீட்டுப் பார்க்கும் சோதனையும் ரெய்டுடன் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

தாக்கம்

பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவருக்கும் 1999ஆம் ஆண்டு ஐஇஇஇ அமைப்பின் தகவல் சேமிப்பு விருது வழங்கப்பட்டது. முதல் வன்தட்டை உருவாக்கிய குழுவின் தலைவர் ரெனால்ட் ஜான்சனின் பெயரில் அமைந்த விருது அது. இன்றைய மேகக் கணிமை மையங்களில் வட்டுகளுக்கிடையே மட்டுமன்றி வழங்கிகளுக்கிடையேயும் தரவு பிரித்துக் காக்கப்படுகிறது. அங்குப் பயன்படும் குறியீடுகள் பல, 1960ஆம் ஆண்டு வெளியான ரீட்–சாலமன் முறையை அடிப்படையாகக் கொண்டவை. வட்டு பழுதாகியே தீரும் என்பதை ஏற்று, அதற்கேற்ப அமைப்பைத் திட்டமிடுதல் என்ற பெர்க்லிக் குழுவின் அணுகுமுறையே அவற்றுக்கும் அடித்தளமாக உள்ளது.